ஒரே டிஷ்ஷில் இரண்டு பசி

ஐவிஎஃப் சிகிச்சைக்கு வரும் தம்பதியர் ஊசி, செலவு, நாள்கணக்கு எல்லாம் கேட்பார்கள். கருமுட்டையும் விந்தணுவும் சேர்கிற சின்ன டிஷ்ஷில் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அது.

லேபில் அதை மீடியம் என்போம். சுத்தமான நீர், உப்புகள், குளுக்கோஸ், பைருவேட், லாக்டேட் (இவை இரண்டும் குளுக்கோஸ் உடைந்து வரும் பொருள்கள்), அமினோ அமிலங்கள், பைகார்பனேட், மனித அல்புமின் என்ற புரதம்: இவைதான் அதில் முக்கியமானவை.

வெளியே வந்த உடனே விந்தணுவால் முட்டையைத் துளைக்க முடியாது. அது முதலில் பக்குவப்பட வேண்டும் என்பதை 1951-ல் சாங், ஆஸ்டின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். அல்புமின், விந்தணுவின் மேலுறையிலிருந்து கொலஸ்ட்ராலை உருவி எடுக்கிறது. பைகார்பனேட்டும் கால்சியமும் உள்ளே போனதும் வால் சாட்டைபோல வீசத் தொடங்கும். அந்த வேகத்துக்குக் குளுக்கோஸ் தேவை. விந்துத் திரவம் இந்தப் பக்குவத்தைத் தடுக்கும்; அதனால்தான் மாதிரியைக் கழுவி, நன்றாக நீந்துபவற்றை மட்டும் பிரித்தெடுக்கிறோம்.

உருவான கருவின் பசி வேறு. எட்டு செல் ஆகும்வரை பைருவேட்டும் லாக்டேட்டுமே அதன் சாப்பாடு. குளுக்கோஸ் கொஞ்சம் போதும். ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (கர்ப்பப்பையில் ஒட்டத் தயாராகும் கரு) ஆகும் கட்டத்தில்தான் குளுக்கோஸை நிறைய எடுக்கும். தாயின் உடலிலும் இதே வரிசைதான்: கருக்குழாயில் குளுக்கோஸ் குறைவு, கர்ப்பப்பையில் கூடுதல். இதனால் சில லேபுகள் மூன்றாம் நாள் மீடியத்தை மாற்றும்; சிலர் ஒரே மீடியத்தில் ஐந்து நாளும் வளர்ப்பார்கள். இரண்டு முறையிலும் கரு நன்றாக வளர்கிறது. இதை வைத்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கையாளும் விதத்தில்தான் தவறு நடக்கும். குளூட்டமின் என்ற அமினோ அமிலம் 37 டிகிரியில் மெல்லச் சிதைந்து அமோனியா ஆகும். அது கருவுக்கு நஞ்சு. எனவே குளூட்டமினை இன்னொரு அமினோ அமிலத்தோடு இணைத்து, எளிதில் சிதையாத வடிவத்தில் சேர்த்த மீடியம் நல்லது. மீடியத்தின் பிஎச் (அமில-கார அளவு) 7.2 முதல் 7.4-க்குள் நிற்க இன்குபேட்டரில் 5 முதல் 6 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். டிஷ் வெளியே கொஞ்சநேரம் இருந்தாலே பிஎச் ஏறிவிடும். மேலே ஊற்றும் எண்ணெய்ப் படலம் அதைத் தாமதப்படுத்தும், நீர் ஆவியாவதையும் குறைக்கும். மின்சாரம் போனால் இன்குபேட்டரும் நிற்கும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. யூபிஎஸ், ஜெனரேட்டர், மாற்று கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி வீட்டுப் பக்கம். விந்து மாதிரிக்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி விடுங்கள். தேங்காய் எண்ணெய், சோப்பு, எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் படக்கூடாது, விந்தணு பாதிக்கப்படலாம். ரப்பர் பால் நேரமானால் உறையும். விந்து நேர்மாறு, முதலில் உறைந்து அரைமணி நேரத்தில் இளகும். கட்டியாக இருக்கிறதே என்று தண்ணீர் சேர்த்துவிடாதீர்கள். குழித்துறையிலிருந்து நாகர்கோவிலுக்குக் கொண்டுவருவதென்றால் வழியில் நெரிசல் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்தாக வேண்டும். ஐஸ் வைக்காமல், உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். முடிந்தால் மருத்துவமனையிலேயே கொடுப்பது நல்லது.

ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மாதம் பிடிக்கும். பீடி, சிகரெட்டை இன்று நிறுத்தினால் பலன் அதன் பிறகுதான் தெரியும். அந்த மாதங்களில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் மாதிரி கொடுக்கும்முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.