மூச்சை நீட்டி விட்டால் நாடி ஏன் தணிகிறது?

“மூச்சைக் கவனி, மனம் அடங்கும் என்கிறார்களே, அது ஏன் மூச்சு? கட்டைவிரலைக் கவனித்தால் ஆகாதா?” என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். குறும்பான கேள்வி, ஆனால் நியாயமானது. கவனத்தைப் பழக்க மட்டும் என்றால் கட்டைவிரலே போதும். இதயத்தின் பிரேக் மூச்சோடு பிணைந்திருப்பதுதான் வித்தியாசம்.

மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல் வைத்து நாடி பாருங்கள். நிதானமாக மூச்சை இழுத்தால் துடிப்புகள் நெருங்கும். மெல்ல விட்டால் இடைவெளி கூடும். ஜெர்மன் உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847-ல் நாய்களிடம் பதிவுசெய்தது இதைத்தான்.

இதயத்தின் சொந்த வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது 70 சொச்சத்தில் நிற்பதற்குக் காரணம், மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு. மூச்சை இழுக்கும்போது அதன் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது.

அந்தப் பிடிதான் அழகு. நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது. அது இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனோ ஏட்ரியல் கணுவின் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசலைத் திறந்துவிடுகிறது. செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின் பக்கம் சாய்வதால், அடுத்த துடிப்புக்கான அளவை எட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. தாமதம் அவ்வளவுதான். உடனே ஒரு நொதி வந்து அசிட்டைல்கோலினைச் சிதைத்துவிடும். இப்படிச் சட்டென்று பிடித்துச் சட்டென்று விடுவதால்தான் ஒவ்வொரு மூச்சுக்கும் நாடி ஏறி இறங்க முடிகிறது. பதற்றத்தில் வேகம் கூட்டும் நார்அட்ரினலினோ ஏறுவதற்கே சில நொடிகள் எடுக்கும், இறங்க இன்னும் தாமதிக்கும். ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921-ல் ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு இதயத்துக்கு மாற்றினார், அதுவும் மெதுவானது. நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்று தெரிந்தது அப்போதுதான். சோதனையின் யோசனை அவருக்குக் கனவில் வந்ததாம்!

எவ்வளவு மெதுவாக? 4 நொடி இழுத்து 6 நொடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு. கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் சுற்றுக்கும் ஏறக்குறைய 10 நொடித் தாளம் உண்டு. ஊஞ்சலை அதன் நேரத்துக்கே உந்துவதுபோல, இரண்டும் சேரும்போது நாடியின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. லத்தீன் ஜெபமாலையும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரமும் மூச்சை இதே 6-க்குக் கொண்டுவருவதை இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001-ல் காட்டியது. ஆனால் சோதித்தது 23 பேரிடம். மூச்சுக்குக் காப்புரிமை கிடையாது, மருந்து நிறுவனம் பணம் போடாது. ஜூன் 21 யோகா தினத்துக்கு மைதானத்தில் பாய் விரிக்கும் செலவில் ஒரு பங்கைப் பெரிய ஒப்பீட்டுச் சோதனைகளுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

பலர் சறுக்குவது ‘ஆழமாக’ என்ற சொல்லில். சாதாரண மூச்சு அரை லிட்டர். நிமிடத்துக்கு 6 மூச்சு என்றால் ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் அளவு போதும். நெஞ்சு முட்ட இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், உதடும் விரல் நுனியும் மரக்கும். அதைக் குண்டலினி ஏறியதாகக் கொண்டாடுபவர்கள் உண்டு. மூச்சின் அளவைக் குறைத்தால் அந்தக் குண்டலினி சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

எண்ணிக்கை தவறினால் அடுத்த வெளிமூச்சிலிருந்து தொடங்குங்கள். தினம் 10 நிமிடம் போதும். தொடக்கத்தில் கும்பகம், அதாவது மூச்சை அடக்கி நிறுத்துவது, வேண்டாம். நாடி பார்க்கையில் மூச்சோடு சம்பந்தமே இல்லாமல் துடிப்பு தாறுமாறாக இருந்தால், தியானத்துக்கு முன் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.