பழைய காரின் பிரேக்: மிதிக்கும் காலுக்குத் தெரியும் பழுதுகள்

மலேசியாவின் தாப்பா வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய புரோட்டோன் சாகாக்களில் ஒன்று என்னுடையது. அதன் பிரேக் தளர்ந்தபோது, பட்டறையில் பெடலை ஒருமுறைகூட மிதித்துப் பார்க்காமல், முன்சக்கரங்களுக்குப் புதிய பிரேக் பேட் மாட்டிக் கொடுத்தார்கள். வண்டியைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் இறக்கியதும், பெடல் முன்போலவே பாதிக்கு மேல் உள்ளே போனது. ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் நான்கைந்து வெவ்வேறு பழுதுகள் அடங்கியிருக்கின்றன. கழற்றும் சாவியை எடுப்பதற்கு முன்பே, பெடலின் போக்கை வைத்து அவற்றைப் பெரும்பாலும் பிரித்தறிந்துவிடலாம்.

பெடல் என்பது ஒரு நெம்புகோல்; காலின் விசையை அது சில மடங்கு பெருக்குகிறது. அதற்குப் பின்னால் உள்ள வட்டமான சர்வோ, இயந்திரம் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு மேலும் விசை சேர்க்கிறது. இந்த விசை மாஸ்டர் பம்ப்பின் பிஸ்டனைத் தள்ள, பிரேக் ஆயிலில் அழுத்தம் எழுகிறது. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி. திரவம் அழுத்தத்தால் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை என்பதால், காலின் அசைவு குழாய் வழியே சக்கரம்வரை போய்ச் சேருகிறது. முன்சக்கரத்தில், சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டைப் பேட்டுகள் இருபுறமும் கவ்வுகின்றன. பின்சக்கரத்தில் வளைந்த பிரேக் ஷூக்கள், சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்சுவரை நோக்கி விரிகின்றன. பேட்டிலும் ஷூவிலும் உரசித் தேயும் மேற்பரப்புதான் லைனிங்.

பெடல் பஞ்சு போல அமுங்கினால் குழாய்க்குள் காற்று இருக்கிறது என்று பொருள். காற்று சுருங்கும், காலின் உழைப்பு அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. வெளிக்காற்று புகாமலேயும் பெடல் இப்படி அமுங்கலாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது; நம் ஊர் ஈரக்காற்றில் மூன்று நான்கு ஆண்டுகள் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது கார் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தை இழக்கிறது. ஒரு டன் எடையுள்ள வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சாதாரண வெப்பத்தில் உள்ள 45 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கியரைக் குறைத்தால் அதில் ஒரு பங்கை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். நாலாவது கியரிலேயே பிரேக்கை மிதித்தபடி இறங்கினால், சுமையில் பெரும்பகுதி பேட்டுகளின் மேல் விழுகிறது. அந்தச் சூட்டில் ஈரம் சேர்ந்த ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. பெடல் திடீரென்று அமுங்கிப் போகிறது. அடிவாரத்தில் அரைமணி நேரம் நிறுத்தினால் ஆவி மீண்டும் திரவமாகி, பிரேக்கும் திரும்பி வந்துவிடும். ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆயில் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றத் தயங்க வேண்டாம். ஆனால், நிறம் தெளிவாக இருப்பதை வைத்து ஈரம் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

இயந்திரம் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்திருக்க, அது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், ஆயில் எங்கோ நழுவுகிறது. மாஸ்டர் பம்ப்புக்கு ஆயில் தரும் டப்பாவில் மட்டம் குறைந்திருந்தால் டயர்களின் உட்பக்கத்தில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். மட்டம் குறையவில்லை என்றால், மாஸ்டர் பம்ப்பின் உள் ரப்பர் தேய்ந்து, ஆயில் பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் வருகிறது எனலாம். மட்டம் குறைந்தும் எங்கும் ஈரமே தெரியாத விந்தையும் உண்டு: பம்ப்பின் பின்புற ரப்பர் விட்டுப்போய், ஆயில் சர்வோவுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

பெடல் கல்லாக இறுகி, வண்டி மட்டும் நிற்க மறுத்தால் சர்வோவைச் சோதிக்க வேண்டும். இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்தால் மிச்சமிருந்த வெற்றிடம் தீர்ந்து அது இறுகும். காலை எடுக்காமலே இயந்திரத்தை முடுக்குங்கள். கால் சற்றே கீழே இறங்கினால் சர்வோ வேலை செய்கிறது. அசையவே இல்லை என்றால், விலையுயர்ந்த சர்வோவை மாற்றுவதற்கு முன் அதற்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா, அதன் ஒருவழி வால்வு சரியாக அடைக்கிறதா என்று பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், மறுபக்கத்துப் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கக்கூடும், அல்லது அங்கே லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கக்கூடும்.

என் வண்டியில் இவை எதுவும் பொருந்தவில்லை. முதல் மிதியில் ஆழமாகப் போன பெடல், உடனே இரண்டாம் முறை மிதித்தால் உயரத்திலேயே கெட்டியாக நின்றது; ஹேண்ட் பிரேக்கையும் வழக்கத்தைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருந்தது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டால், முதல் மிதியில் தள்ளப்படும் ஆயில் அந்த இடைவெளியைக் கடக்கவே சரியாகிவிடும். ஸ்பிரிங் ஷூக்களை முழுமையாகப் பின்னுக்கு இழுப்பதற்குள் அடுத்த மிதி விழுந்தால், டப்பாவிலிருந்து வந்து சேர்ந்த கூடுதல் ஆயில் அவற்றை டிரம்மோடு அழுத்திவிடும். பின் டிரம்மைக் கழற்றியபோது, லைனிங் தேயத் தேய இடைவெளியைத் தானே சரிசெய்ய வேண்டிய பல்திருகு, தோட்டத்துச் செம்மண் புழுதியில் உறைந்து அசையாமல் கிடந்தது. பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்பு இருப்பதால் புழுதியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து, திருகுக்குச் சிறிது கிரீஸ் இட்டு, டிரம்மை மாட்டிச் சுழற்றினால் இலேசாக உரசும் ஓசை கேட்கும் அளவுக்குத் திருப்பிவைத்தேன். பெடல் முதல் மிதியிலேயே நின்றது.

பட்டறையில் கழற்றித் தந்த பழைய முன்பேட்டுகள் பின்னிருக்கையில் கிடந்தன. அளந்து பார்த்தேன், ஒவ்வொன்றிலும் இன்னும் 7 மில்லிமீட்டர் லைனிங் மிச்சமிருந்தது.