பன்னை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் இருக்கும் சின்ன பேக்கரிகளில் மதியம் அடுப்பிலிருந்து ட்ரே வெளியே வரும் நேரம் பார்த்துப் போனால், அதுவே சாப்பாடு ஆகிவிடும். சூடு ஆறாத பன், நடுவில் வெண்ணெய், கூட ஒரு முட்டை பஃப்ஸ், ஒரு டீ. கிளம்பும்போது வீட்டுக்கும் நாலு பன் வாங்கிக்கொள்வோம். சென்னை வெயிலில் கெட்டுவிடுமோ என்று அதை ஃப்ரிட்ஜில் வைப்போம். மறுநாள் எடுத்தால் விறைத்துப்போய், கடித்தால் உதிரும். பழி மாஸ்டர் மேல் விழும். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதைக் கெடுத்தது ஃப்ரிட்ஜ்.

ரொட்டி காய்ந்துபோவதால்தான் விறைக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். 1852-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ இதைச் சோதித்துப் பார்த்தார். ஈரம் வெளியேறவே முடியாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் விறைத்தது. அதைத் திரும்பச் சூடாக்கியபோது மென்மை மீண்டது. காய்வதுதான் காரணம் என்றால் சூட்டில் அது இன்னும் மோசமாகியிருக்க வேண்டும். அப்படியென்றால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது.

அது நடப்பது மாவுச்சத்தில். மைதாவின் எடையில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அதில் இரண்டு வகை மூலக்கூறுகள் இருக்கின்றன: நீண்ட சங்கிலி போன்ற அமைலோஸ், நிறைய கிளைகள் உள்ள அமைலோபெக்டின். பச்சை மாவில் இவை நுண்ணிய மணிகளுக்குள் படிகம் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். அடுப்பில் மாவின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன, அடுக்கு கலைகிறது. ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் ஈஸ்டும் செத்துப்போகிறது. வெந்து முடியும்போது பன்னின் நடுப்பகுதி 95 டிகிரியை ஒட்டி இருக்கும். தளர்ந்துபோன மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் இந்த நிலைதான், சூடான பன்னில் நாம் ருசிக்கும் அந்த மென்மை.

ஆறத் தொடங்கியதும் மூலக்கூறுகள் திரும்பவும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து அடுக்கப் பார்க்கும். அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். இது நல்லதுதான். சுடச்சுட இருக்கும் பிரெட்டை ஸ்லைஸ் போட்டால் கத்தியில் ஒட்டிப் பிசுபிசுக்கும். ஆறிய பிறகே துண்டு நிற்கும். அமைலோபெக்டின் நிதானமாக, நாள்கணக்கில் படிகமாகும். விறைப்புக்கு முக்கியமான காரணம் இதுதான். கூடவே, உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மேல்தோலுக்கு நகர்ந்து, மொறுமொறுப்பாக இருந்த தோல் ரப்பர் மாதிரி ஆகிவிடும். சோறு ஆறினால் விறைப்பதும் இதே வேலைதான்.

இனி ஃப்ரிட்ஜுக்கு வருவோம். குளிர்ந்தால் எல்லாமே மெதுவாக நடக்கும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் இந்தப் படிகமாதல் தலைகீழ். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் 4 டிகிரியை ஒட்டித்தான் இது மிக வேகமாக நடக்கிறது. மூலக்கூறுகள் சேர்ந்து நிற்கும் அளவுக்குக் குளிர், நகர்ந்து இடம் பிடிக்கும் அளவுக்கு ஈரம், இரண்டும் அங்கே இருக்கின்றன. ஃப்ரீஸரின் மைனஸ் 18 டிகிரியில் நகர்வது அநேகமாக நின்றுவிடுவதால் விறைப்பும் நின்றுபோகும்.

ஆனால் கடற்காற்று வீசும் நம் ஊரில் வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்குமே என்ற கவலை நியாயமானது. எனக்குத் தெரிந்த நல்ல வழி: அன்றே சாப்பிட வேண்டியதை வெளியே மூடி வையுங்கள், மீதியை வாங்கிய அன்றே துண்டு போட்டு, காற்றுப் புகாத கவரில் ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போடலாம். 60 டிகிரிக்கு மேல் சூடானால் அமைலோபெக்டின் படிகங்கள் உருகிவிடும், மென்மை திரும்பும். அமைலோஸின் இறுக்கம் அந்தச் சூட்டுக்கு அசையாது. சூடாக்கும்போது கொஞ்சம் ஈரமும் போய்விடும். அதனால் டோஸ்ட் செய்ததை ஆற விடாமல் சாப்பிடுங்கள். இரண்டாவது தடவை அது இன்னும் சீக்கிரம் விறைக்கும்.

சாதாரண பிரெட்டைவிட இனிப்பு பன் கூடுதல் நேரம் மெத்தென்று இருப்பதற்கு அதில் சேரும் சர்க்கரையும் கொழுப்பும் காரணம். கொழுப்பில் உள்ள சில பொருட்கள் அமைலோஸோடு பிணைந்து அதைச் சேரவிடாமல் தடுக்கும். பாக்கெட் பிரெட் நாள்கணக்கில் மென்மையாக இருப்பதற்கும் இதே அறிவியல்தான் அடிப்படை. அதற்கென்றே எமல்சிஃபையரும் (எண்ணெயையும் தண்ணீரையும் கலந்து நிற்க வைக்கும் பொருள்) நொதிகளும் சேர்க்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று சுட்டதை அன்றே விற்கும் தெருமுனை பேக்கரியின் பன்னுக்கு அந்த ருசி ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

விற்காமல் மிஞ்சும் பிரெட்டுக்கும் பேக்கரிக்காரர்களிடம் ஒரு வழி உண்டு: ரஸ்க். துண்டு போட்டு, இரண்டாவது முறை அடுப்பில் வைத்து ஈரத்தை எடுத்துவிடுவார்கள். மாவுச்சத்து நகர்ந்து அடுக்கத் தண்ணீர் வேண்டும். அது இல்லாததால் ரஸ்க் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். வடசென்னையின் ஈரக்காற்று பட்டால் மட்டும் நமத்துவிடும். பேக்கரிகளில் ரஸ்க் ஜாடியை மூடியே வைத்திருப்பது அதனால்தான்.