தற்சார்பு இசைக்கலைஞர்: ஒரு சொல் விளக்கம்

தம் பாடலைத் தாமே எழுதி, இசையமைத்து, பாடி, காணொளியாக யூடியூபில் வெளியிட்டு, இடையிடையே குறும்படங்களிலும் நடிக்கும் ஒரு பெண்ணை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு விழா மேடையில் அறிமுகப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். அறிவிப்பாளர் ஒருவர் ‘இண்டி ஆர்டிஸ்ட்’ என்பார். இன்னொருவர் ‘சுயாதீனக் கலைஞர்’ என்பார். தமிழகக் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர் ‘தனியிசைக் கலைஞர்’ என்பார். மூன்றும் ஒரே பொருளைத் தருவன அல்ல.

‘இண்டி’ என்பது ‘இன்டிபென்டன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். அதன் இலத்தீன் வேர் தொங்குதலைக் குறிப்பது. எதிலும் தொங்கி நில்லாதது என்பதே மூலப்பொருள். இசையுலகில் இச்சொல் நிலைபெற்றது 1970களின் பிற்பகுதியில், பிரித்தானியாவில். மான்செஸ்டரைச் சேர்ந்த ‘பஸ்காக்ஸ்’ குழு கடன் வாங்கிய பணத்தில் நான்கு பாடல்களைப் பதிவுசெய்து, 1977 ஜனவரியில் தனது சொந்த வெளியீட்டு நிறுவனப் பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டது. 1980 ஜனவரியில் இத்தகைய வெளியீடுகளுக்கெனத் தனி விற்பனைப் பட்டியலே தொடங்கியது. அதில் இடம்பெறுவதற்கு இசையின் பாணி பொருட்டாகக் கொள்ளப்படவில்லை; பெருநிறுவனங்களின் விநியோக வழியைச் சாராமல் இசைத்தட்டு கடைக்கு வந்திருக்க வேண்டும் என்பதே அளவுகோல். ஒருவகைக் கிற்றார் இசையை ‘இண்டி’ என்று அழைக்கும் வழக்கம் அதன் பிறகு கிளைத்தது. ஆகவே இச்சொல்லின் கரு இசையின் உரிமையும் அது மக்களைச் சென்றடையும் வழியுமேயன்றி, அதன் ஒலி அன்று.

தமிழகத்தில் இக்கரு சற்று இடம்பெயர்ந்தது. அங்கே திரைப்பாடல் பெருவெள்ளமாக இருந்தமையால், திரையைச் சாராத பாடல் எதுவாயினும் ‘தனியிசை’ என்னும் பெயர் பெற்றது. பெருநிறுவனம் ஒன்று பணமிட்டு வெளியிடும் பாடலும் இப்பெயருக்குள் அடங்கிவிடுகிறது. ஈழத்து நிலை வேறு. வலுவான தமிழ்த் திரைத்துறை இங்கே வேரூன்றாதபடியால், இலங்கை வானொலி வளர்த்த மெல்லிசையும் மேடைகளில் வளர்ந்த பொப்பிசையும் தொடக்கத்திலிருந்தே திரைக்கு வெளியே வாழ்ந்தவை. பொப்பிசையால் புகழ்பெற்ற ஏ. ஈ. மனோகரன் திரையிலும் நடித்தார்; ஆயினும் அவருக்குப் பாட்டுப் புகழைக் கொடுத்தது திரை அன்று. எனவே ‘திரையல்லாதது’ என்ற எதிர்மறையைக் கொண்டு நம்மவரை வரையறுப்பது பொருந்தாது. ‘தனி’ என்பதில் வேறொரு குழப்பமும் உண்டு: ஐவர் சேர்ந்த ஓர் இசைக்குழுவும் இவ்வகையில் இயங்கலாம், அவர்களைத் ‘தனி’ என்றால் ஒருவர் மட்டுமே பாடுவதாகக் கேட்பவர் எண்ணுவர்.

‘சுயாதீனம்’ வடமொழி வழிவந்தது. தன் ஆளுகைக்குள் இருத்தல் என்பது பொருள். அதே குடும்பத்துச் சொல்லாகிய ‘சுவாதீனம்’ தமிழில் நெடுங்காலமாக வழங்குகிறது. பொருளளவில் ‘இண்டி’யைவிட இது செறிவானது என்றே கூறுவேன், ஆங்கிலச் சொல் எதைச் சாரவில்லை என்பதை மட்டும் சொல்ல, இதுவோ ஆளுகை யாரிடம் உள்ளது என்பதைச் சொல்கிறது. ஆனால் இலங்கைத் தமிழர் செவியில் இச்சொல்லுக்கு வேறு நினைவுகளும் உண்டு. 1979இல் தனியார் முயற்சியாகத் தொடங்கி அதே ஆண்டிலேயே அரசு பொறுப்பேற்ற ஐ.டி.என். தொலைக்காட்சியும் தன் பெயரில் ‘சுயாதீன’ என்பதையே தாங்கி நிற்கிறது.

இவற்றுக்கு மாற்றாக நான் பரிந்துரைப்பது ‘தற்சார்பு’ என்பதையே. தன்னைச் சார்ந்து நிற்றல் என்று அது நேராகப் பொருள் தருகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுப்பதும், மத்தளம் வாசிக்க ஒருவரை அழைப்பதும், பாடலை இணையத் தளங்களுக்கு அனுப்ப விநியோகத்தரை நாடுவதும் தற்சார்பைக் குறைப்பதில்லை. பதிவின் உரிமையைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவதே குறைக்கும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளியின் பொருளாதார உரிமையை அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் காக்கிறது. வரியும் மெட்டும் ஓர் உரிமை, அவற்றின் ஒலிப்பதிவு வேறோர் உரிமை என்பதைப் புதிதாகப் பாட வருவோர் ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் அறிந்திருத்தல் வேண்டும்.

பாடலையும் நடிப்பையும் ஒருவரே மேற்கொள்வது நமக்குப் புதிதன்று. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளில் களரிக்கு (ஆடுமிடத்துக்கு) வருபவர் தம் வரவுப் பாட்டைத் தாமே பாடி ஆடுகிறார். கூத்தைப் பழக்கும் ஆசிரியராகிய அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று நடத்த, பிற்பாட்டுக்காரர் அவ்வடியை ஏந்திப் பாடுகின்றனர். பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்று ஆடியது பழைய வழக்கம். சங்க இலக்கியத்தில் இசைபாடும் பெண் பாடினி. மெய்ப்பாடு தோன்ற ஆடுபவள் விறலி. விறல் என்பதற்கு வெற்றி என்றும் உள்ளத்துணர்வு உடலில் புலப்படுதல் என்றும் பொருளுண்டு. கலம்பகம் என்னும் சிற்றிலக்கியங்களில் வாள்களைச் சுழற்றி ஆடும் மதங்கியும் வருகிறாள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளிவந்த தம் நாடகவியல் நூலுக்கு ‘மதங்க சூளாமணி’ என்று பெயரிட்டு, கலைஞரைக் குறித்த இப்பழஞ்சொல்லைப் புதுக்கினார்.

ஆயினும் ‘விறலி’யை இன்றைய நடிகைக்கு அப்படியே சூட்ட நான் துணியேன். விறலியைத் தூதாக அனுப்பும், காமச்சுவை மிக்க பிற்கால விறலிவிடு தூது நூல்கள் அச்சொல்லின் மதிப்பைத் தாழ்த்திவிட்டன. ‘பாடினி’ அத்தகைய இழிவுக்கு ஆளாகவில்லை. விரும்பும் பாடகியர் தயங்காமல் ஏற்கலாம். திரையிலும் மேடையிலும் நடிப்பவருக்கு ‘நடிகை’ போதும். ‘நடிகர்’ என்பதை இருபாலுக்கும் பொதுவாக விரும்புவோர் அவ்வாறே எழுதலாம்.

அடைமொழி எதைத் தழுவுகிறது என்பதிலும் கவனம் வேண்டும். ‘தற்சார்பு இசைக்கலைஞரும் நடிகையும்’ என்று எழுதினால் நடிப்பும் தற்சார்பானது என்று படிக்க இடமுண்டு. பிறர் இயக்கும் படத்தில், பிறர் எழுதிய பாத்திரத்தை ஏற்பவருக்கு அந்த அடைமொழி பொருந்தாது. அங்கே தற்சார்பு படத்துக்கு உரியதாகலாம், நடிகைக்கு உரியதன்று. எனவே அறிமுகக் குறிப்பில் ‘நடிகை, தற்சார்பு இசைக்கலைஞர்’ என வரிசையை மாற்றி எழுதுவதே தெளிவு.