கெட்ட செய்தி எத்தனை நாளில் மேலே வருகிறது?

தலைமையின் நேர்மையை அளக்க வழி ஒன்று உண்டு. டீமில் ஒரு தவறு நடந்தால், அது மேனேஜர் காதுக்கு எட்ட எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். மூன்று வாரமாக ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் ‘95% முடிந்தது’ என்றே ஒரு வேலை நிற்கிறதென்றால், யாரோ எதையோ சொல்லப் பயப்படுகிறார்கள்.

மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே அவர் தந்த விளக்கம். பிழையே இல்லாத ரிப்போர்ட்டைப் பார்த்து மகிழும் மேலாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

“எல்லாம் ஓகேதானே?” என்று கேட்டால் “ஓகே சார்” என்றுதான் பதில் வரும். “இந்த வாரம் எது இழுக்கும்?” என்று கேளுங்கள். யாராவது சிக்கலைச் சொன்னதும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: என்ன பாதிப்பு, சரிசெய்ய என்ன வேண்டும்? யார் செய்தது என்பதைச் சரிசெய்த பிறகு, தனியாகப் பேசிக்கொள்ளலாம். இதற்காகத் தவறுகளை எல்லாம் கண்டும் காணாமல் விடச் சொல்லவில்லை. தெரியாமல் நேர்ந்த பிழைக்குத் திருத்தம் போதும். கணக்கைத் திரித்தவர்மேல் நடவடிக்கை வேண்டும். அவர் டீமின் நம்பர் ஒன் ஆளாக இருந்தாலும் அப்படித்தான். அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால், விதி யாருக்கு என்பதை மற்றவர்கள் அன்றைக்கே புரிந்துகொள்வார்கள்.

பெரும்பாலான டீம்கள் சறுக்குவது டார்கெட்டில்தான். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கியது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். ஊழியர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். அந்த டார்கெட்டை வைத்தவர்கள் தப்பிவிடுவார்கள்.

ஆகவே டார்கெட்டை அறிவிக்கும் முன், அந்த வேலையைச் செய்பவர்களிடமே கேளுங்கள்: “இதை எட்ட எந்த விதியை மீறத் தோன்றும்?” பதில் வந்தால் எண்ணையோ காலக்கெடுவையோ அந்த மீட்டிங்கிலேயே மாற்றுங்கள். கேட்டுவிட்டு அப்படியே விட்டால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.