குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வருகிறவர்கள்: எதைக் கேட்கலாம், எதை மறுக்கலாம்

குழந்தை பிறந்த வீட்டுக்கு நர்சோ சுகாதாரப் பணியாளரோ வந்து கதவைத் தட்டினால் திறந்தே ஆக வேண்டுமா? வீடுகளுக்குப் போய்த் தாயையும் சேயையும் பார்க்கிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்கள் குறைவு. சுற்றி வளைத்துக் கேட்டவர்கள்தான் அதிகம். "அடுத்த வாரம் நாங்க ஊர்லயே இல்லைங்க" என்பார்கள், ஃபோனை எடுக்க மாட்டார்கள், காலிங் பெல் அடித்ததும் உள்ளே டிவி சத்தம் சட்டென்று நின்றுபோகும். எங்களுக்குப் புரியாமல் இல்லை. முந்தைய முறை வந்த யாரோ ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அதன் விளைவுதான் இது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பிரசவத்துக்குப் பிறகு வழக்கமாக நடக்கும் வீட்டு வருகை உங்களுக்குத் தரப்படும் ஒரு சேவை. இங்கிலாந்தை எடுத்துக்கொண்டால், கர்ப்ப காலத்தில் தொடங்கிக் குழந்தைக்கு இரண்டரை வயது ஆவதற்குள் ஐந்து முறை ஹெல்த் விசிட்டர் (சிறு குழந்தையுள்ள குடும்பங்களைப் பார்க்கும் சிறப்புப் பயிற்சி பெற்ற நர்ஸ்) குழு பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்தச் சேவையை வழங்க வேண்டிய சட்டக் கடமை உள்ளாட்சிக்குத்தான். ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெற்றோருக்குக் கிடையாது. இந்தியாவில் ஆஷா என்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள், மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் வந்து பார்ப்பதாகத் திட்டம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையும் முதல் வாரத்தில் வீட்டுக்கே போய்ப் பார்க்கச் சொல்கிறது. காரணம் இருக்கிறது. பிறந்த முதல் மாதத்தில் இறந்துபோகும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே இறக்கிறார்கள். அதனால் வருகிறவர்களை எல்லாம் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வருகிறவர் எதற்காக வந்தாரோ அந்த வேலையோடு நிற்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

வாசலிலேயே கேட்க வேண்டியது: பெயர் என்ன, எந்த அலுவலகம், ஐடி கார்டு எங்கே, இன்றைக்கு எதற்காக வந்திருக்கிறீர்கள். சந்தேகம் இருந்தால் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் அலுவலக எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள், வந்தவர் தரும் எண்ணுக்கு வேண்டாம். உண்மையான பணியாளர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார், கோபப்பட்டாலும் அது உங்கள் கவலை இல்லை.

இவற்றில் கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்கு மூன்று விதமான பதில் வரலாம். ஒன்று, அட்டவணைப்படி எல்லா வீட்டுக்கும் போகும் வருகை. இரண்டாவது, மருத்துவமனையிலிருந்து யாரோ சொல்லி வருவது, எடை குறைவு, மஞ்சள் காமாலை, குறைமாதப் பிரசவம் இந்த மாதிரி. மூன்றாவது, குழந்தையின் பாதுகாப்பு பற்றி யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள் என்பதால் வருவது. முதல் இரண்டும் ஒரு வகை, மூன்றாவது முற்றிலும் வேறு வகை. அதைப் பிறகு சொல்கிறேன். எந்த வகை என்று தெரியாமல் பேச்சைத் தொடங்கினால் சாதாரணக் கேள்விகூட விசாரணை மாதிரித்தான் காதில் விழும்.

உள்ளே வந்த பிறகு எது வேலை, எது மூக்கை நுழைப்பது? கேட்கிற கேள்விக்குப் பின்னால் குழந்தையையோ தாயையோ பற்றிய ஒரு காரணம் இருக்க வேண்டும், இதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல். "குழந்தை எங்கே தூங்குகிறது, பார்க்கலாமா?" என்று கேட்டால் அதற்குக் காரணம் உண்டு. மல்லாக்கப் படுக்கவைக்கிறீர்களா, படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கிறதா, பக்கத்தில் தலையணை, மெத்தென்ற பொம்மை ஏதாவது கிடக்கிறதா, இவையெல்லாம் தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தோடு சம்பந்தப்பட்டவை. அதே ஆள் கேட்காமல் அலமாரியைத் திறந்தாலோ, "இன்னொரு ரூம்ல யாரு?" என்று எட்டிப் பார்த்தாலோ, அதற்கு அவர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவரும் நானும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். பிறந்து நான்கே நாளான குழந்தை. கூட வந்தவர் கை கழுவப் போன இடத்தில் பாத்திரம் குவிந்து கிடப்பதைப் பார்த்து ஒரு சின்ன "ம்ம்" மட்டும் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. அந்தத் தாய் உடனே, நேற்று ராத்திரி முழுக்கக் குழந்தை அழுதது, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பச்சை உடம்போடு உட்கார்ந்திருக்கிற பெண் எதற்கு எங்களுக்குப் பாத்திரக் கணக்குச் சொல்ல வேண்டும்? அதற்குப் பிறகு தாய்ப்பால் பற்றி நாங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்ற ஒரே பதில்தான். காம்பு வெடித்து ரத்தம் கசிவதையும், வலி தாங்காமல் பால் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டதையும் இரண்டு நாள் கழித்து ஃபோனில்தான் சொன்னார். ஒரு "ம்ம்" செய்த வேலை அது. எங்கள் தரப்பில் பலர் இதை உணர்வதில்லை. வீட்டை நோட்டம் விடுகிறவரிடம் யாரும் உடம்பைப் பற்றி உண்மை பேச மாட்டார்கள்.

எடை விஷயத்தில் நிறைய மனக்கஷ்டம் வருகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை குறைவது இயல்பு. பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பால் கொடுக்கும் முறையையும் குழந்தையையும் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்தபோதிருந்த எடைக்குத் திரும்பிவிடுவார்கள். வந்தவர் குழந்தையை வெறும் உடம்போடு நிறுத்துவிட்டு, போன முறை வேறு தராசில் சட்டையோடும் டயப்பரோடும் எடுத்த எடையோடு ஒப்பிட்டு "ஏம்மா இளைச்சுப் போச்சே" என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. "வெறும் உடம்போடு எடுத்த எடையோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று தாராளமாகச் சொல்லலாம். வளர்ச்சி அட்டையில் எந்தக் கோட்டில் இருக்கிறது, போன முறை எந்தக் கோட்டில் இருந்தது என்று காட்டச் சொல்லுங்கள். கீழ்க்கோட்டில் ஒரே சீராக வளரும் குழந்தை நன்றாகவே இருக்கலாம், கோடுகளைத் தாண்டிச் சரிந்து வரும் குழந்தையைத்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் தாண்டி, கவலைப்பட ஒன்றும் இல்லாத குழந்தையை ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறைக்கு மேல் நிறுக்கத் தேவையில்லை என்பது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். வாரா வாரம் தராசோடு வந்து நிற்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது தாயின் மனநிலை பற்றிய கேள்வித்தாள். எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று, 1987இல் வந்தது, கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள் இருக்கும். கடைசிக் கேள்வி, உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இதைக் கையில் கொடுத்ததும் பல பெண்களுக்கு முகம் மாறும். உண்மையை எழுதினால் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். இந்தத் தாளில் வரும் மதிப்பெண் நோயின் பெயர் ஆகாது, யாருக்கு இன்னும் உதவி தேவைப்படலாம் என்று வடிகட்டிப் பார்ப்பதற்கான கருவி மட்டுமே. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு சிகிச்சையில் சரியாகக்கூடியது, அது இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் குழந்தையைப் பிரிப்பதில்லை. ஆனால் மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் சுற்றி நிற்க, உரக்கப் படித்துக்காட்டி பதில் கேட்டால் நிரப்ப மறுத்துவிடுங்கள். "தனியாக இருக்கும்போது எழுதித் தருகிறேன்" என்றால் போதும்.

தனியாக என்றதும் இன்னொன்று. தாயிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நாங்கள் கேட்டால் கணவர்மார் பலருக்குச் சுருக்கென்று தைக்கிறது, எங்களுக்குள் என்ன ஒளிவுமறைவு என்கிறார்கள். இதை அத்துமீறலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அடி வாங்குகிற பெண் அடிக்கிறவர் முன்னால் வாய் திறக்க மாட்டார், யார் அந்தப் பெண் என்று எங்களுக்கு வெளியிலிருந்து தெரியாது, அதனால்தான் எல்லோரிடமும் கேட்கிறோம். மொழி தெரியாத இடத்தில் வீட்டுக்காரரையோ மூத்த பிள்ளையையோ மொழிபெயர்க்க வைப்பதும் இதே காரணத்தால் சரியில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மறுப்பது எப்படி? சுருக்கமாக, மரியாதையாக, மாற்று ஒன்றைச் சேர்த்து. "இன்றைக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குக் கூட்டி வருகிறேன்." "குழந்தை தூங்குகிறது, எழுப்ப மாட்டேன், அரை மணி நேரம் இருக்க முடிந்தால் இருங்கள்." "பால் கொடுப்பதைச் சொல்லிக் கொடுங்கள், ஆனால் என்னைத் தொட வேண்டாம்." இந்தக் கடைசி வாக்கியத்தைக் கூசாமல் சொல்லுங்கள். மார்பைப் பிடித்துக் குழந்தை வாயில் திணிப்பது பழைய பழக்கம், தொடாமல் பொம்மை வைத்தே சொல்லிக்கொடுக்க முடியும், அப்படித்தான் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். பால்பவுடர் சாம்பிள் பாக்கெட் எடுத்து நீட்டினால் வாங்க வேண்டாம். தாய்மார்களுக்குக் கம்பெனி சாம்பிள்களைச் சுகாதாரப் பணியாளர் கொடுக்கக் கூடாது என்று 1981ஆம் ஆண்டின் சர்வதேச விதிமுறையே சொல்கிறது.

வந்துபோனதற்கு ஆதாரம் என்று செல்ஃபோனில் குழந்தையைப் படம் எடுப்பது இப்போது அதிகமாகிவிட்டது. அந்தப் படம் எந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது என்று எடுப்பவருக்கே தெரியாது. குழந்தையைப் படம் எடுக்க வேண்டாம், கையெழுத்து போட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

இனி, எங்கள் நோட்டில் என்ன எழுதுகிறோம் என்பது. பெற்றோர் யாரும் இதைக் கேட்பதே இல்லை, ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயமே இதுதான் என்பேன். "தாய் ஒத்துழைக்கவில்லை" என்றும் எழுதலாம், "இன்று பரிசோதனை வேண்டாம் என்றார், வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு வருவதாகச் சொன்னார்" என்றும் எழுதலாம். நடந்தது ஒன்றுதான். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத இன்னொருவர் படிக்கும்போது முதல் வாக்கியம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், இரண்டாவது கிளப்பாது. அதனால் கிளம்பும் முன், "இன்றைக்கு என்ன எழுதினீர்கள், படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள், தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். உங்கள் பக்கமும் ஒரு நோட்டு இருக்கட்டும், தேதி, வந்தவர் பெயர், சொன்னது, எடை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரிட்டனிலும் உங்களைப் பற்றிய பதிவின் நகலைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

ஆள் சரியில்லை என்றால் ஆளை மாற்றித் தரச் சொல்லலாம். மேலதிகாரிக்கு எழுதும்போது "ரொம்ப மோசமாக நடந்துகொண்டார்" என்பதைவிட, எந்தத் தேதி, எந்த வார்த்தை, உங்களுக்கு என்ன வேண்டும் என்று நாலு வரி எழுதினால் வேலை நடக்கும். திட்டி எழுதிய கடிதத்தில் விஷயம் எங்கே இருக்கிறது என்று நாங்கள் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகை வருகைக்கு இப்போது வருகிறேன். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, 1989இல் வந்தது, அதன் 16ஆம் பிரிவு குழந்தையின் வீட்டிலும் குடும்பத்திலும் சட்டவிரோதமாக யாரும் தலையிடக் கூடாது என்கிறது. அதே உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, குழந்தையை வன்முறையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் காக்க வேண்டியது அரசின் கடமை என்கிறது. புகாரின் பேரில் வருகிறவர்கள் இந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே கதவைச் சாத்துவது எடுபடாது, சாத்தியதே எதிராகத் திரும்பலாம். நர்சுக்குத் தன் விருப்பத்துக்கு வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் கிடையாது, ஆனால் பல நாடுகளில் நீதிமன்றமும் காவல்துறையும் அந்த அதிகாரம் உள்ளவை. பதறாமல், புகார் என்ன, எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறீர்கள், எழுத்தில் தர முடியுமா என்று கேளுங்கள். குழந்தையைக் காட்டுங்கள். பொய் சொல்லாதீர்கள், சின்னப் பொய்கூட. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், படிக்க நேரம் கேளுங்கள், வழக்கறிஞரிடம் அன்றைக்கே பேசுங்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வருகையை வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்க்க யாரும் வர மாட்டார்கள் என்றால் பார்க்க வேண்டியது நீங்கள்தான். பிறந்து 24 மணி நேரத்துக்குள் உடம்பு மஞ்சளானால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், பால் குடிப்பதை நிறுத்தினால், அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், தட்டி எழுப்பியும் துவண்டு கிடந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமானாலும், தாங்க முடியாத தலைவலி வந்தாலும், கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. அங்கே பணியில் இருப்பது நீங்கள் வீட்டுக்குள் விடாத அதே நர்சாக இருந்தாலும் பரவாயில்லை.