ஈகோ கிளப் பணம் பேனருக்கு இல்ல, பசங்கள வெளிய கூட்டிட்டு போக

கடலூர் மாவட்டத்துல எந்த ஸ்கூல கேட்டாலும் சுற்றுச்சூழல் மன்றம், அதாவது ஈகோ கிளப் இருக்குன்னு தான் சொல்வாங்க, ஆனா ஜூன் 5 உலக சுற்றுச்சூழல் தினம் வந்தா ஒரு மரக்கன்னு, ஒரு பேனர், ஒரு போட்டோ, அதோட அந்த வருஷம் முடிஞ்சிடுது. பொறுப்பாசிரியரா இருக்குற பல பேருக்கு இந்த ஈகோ கிளப் திட்டத்துல என்ன இருக்குன்னே யாரும் சொல்லல, அதனால தான் இத எழுதுறேன்.

சுற்றுச்சூழல் கல்வி நம்ம இஷ்டத்துக்கு நடத்துற விஷயம் இல்ல. பள்ளியில கட்டாயம் சொல்லித்தரணும்னு 1991லயே வக்கீல் எம்.சி.மேத்தா போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2001-02ல தேசிய பசுமைப் படைன்னு பள்ளி சுற்றுச்சூழல் மன்றங்களுக்கான மத்திய அரசு திட்டம் வந்துச்சு, ஒரு மன்றத்துக்கு 30லேந்து 50 பசங்க, ஒரு ஆசிரியர் பொறுப்பு. அப்புறம் சமக்ர சிக்ஷாங்கற மத்திய அரசோட பள்ளிக்கல்வி திட்டத்துலயும் அரசு பள்ளிகளுக்கு இளைஞர் மன்றம், ஈகோ கிளப் ரெண்டுக்கும் சேத்து நிதி வச்சாங்க: தொடக்கப்பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 15,000, உயர்நிலை மேல்நிலைக்கு 25,000 ரூபா வரைக்கும். இது உச்சவரம்பு, அந்தந்த வருஷம் வர்ற ஆணைய பாத்துட்டு தான் செலவு பண்ணணும். 2024-25ல மத்திய அரசு சமக்ர சிக்ஷா பணத்த தமிழ்நாட்டுக்கு தராம நிறுத்தி வச்சாங்கல்ல, அந்த மாதிரி வருஷத்துலயும் காசில்லாம நடத்த வழி இருக்கு, கீழ சொல்றேன்.

பணம் வந்துச்சுன்னா என்னோட கருத்து ஒண்ணே ஒண்ணு தான், பிச்சாவரம் போங்க. உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல 2022ல சேந்த அலையாத்திக் காடு அது, நம்ம மாவட்டத்துலயே இருக்கு, சென்னைலேந்து வந்து பாக்குறாங்க, நம்ம பசங்க பாதி பேரு பாத்ததில்ல. அங்க இருக்குற வெண்கண்டல் மரத்தோட இலைய லேசா நக்கி பாக்க சொல்லுங்க, உப்பு கரிக்கும், அந்த மரம் உப்ப இலை வழியா வெளிய தள்ளுதுன்னு அதுக்கப்புறம் நீங்க போர்டுல எழுதவே வேணாம். சேத்துலேந்து பென்சில் நட்டு வச்ச மாதிரி நிக்கிறது அதோட மூச்சு வேர். சுரபுன்னைன்னு இன்னொரு மரத்துல விதை மரத்துலயே முளைச்சு முருங்கைக்காய் மாதிரி தொங்கும். சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் குடுத்த மரமும் அங்க தான் இருக்கு, ஆனா அதோட பால் கண்ணுல பட்டா பெரிய ஆபத்து, எது தில்லைன்னு முதல்லயே காட்டிட்டு அத யாரும் தொடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடுங்க. நக்கி பாக்குறதும் நீங்க காட்டுற இலைய மட்டும் தான்.

போறதுக்கு முன்னாடி பெற்றோர் சம்மதக் கடிதம், தலைமையாசிரியர் அனுமதி, பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் மூணும் ஃபைல்ல இருக்கணும், பொண்ணுங்க வந்தா ஒரு பெண் டீச்சராவது கூட போகணும். பில் எல்லாம் பள்ளி பேர்ல வாங்குங்க, இல்லன்னா பணத்த எதுக்கு செலவு பண்ணோம்னு காட்டுற பயன்பாட்டுச் சான்று எழுதுறப்ப உங்க கைக்காசு போயிடும், எனக்கு ஒரு தடவ வேன் வாடகை அப்படி தான் போச்சு.

காசில்லாத வருஷத்துக்கு ஸ்கூல் வேப்பமரமே போதும். சீசன்வாட்ச்னு ஒரு இலவச திட்டம், ஒரு மரத்த வாராவாரம் பாத்து தளிர், பூ, காய் எவ்ளோன்னு குறிச்சு அனுப்பணும், அவ்ளோதான், ஆறாம் கிளாஸ் பசங்களே அழகா பண்றாங்க. பொங்கல் லீவுல பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், பெருமாள் ஏரி பக்கத்து பசங்களுக்கும் பாண்டில ஊசுட்டேரி பக்கத்து பசங்களுக்கும் இத விட நல்ல வகுப்பு கிடையாது. 2011ல வந்த தானே புயல்ல எங்க ஊர்ல சாஞ்ச மரங்கள ஊர் பெரியவங்க கிட்ட கேட்டு பசங்கள ஒரு லிஸ்ட் போட வச்சேன், ஒரு பாட்டி முந்திரித்தோப்ப பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க, பசங்க நகரல.

ஐப்பசி கார்த்திகை மழையில பிச்சாவரம் வேணாம், ஜனவரி கடைசி இல்ல பிப்ரவரி போங்க, வலசை வந்த பறவைங்களும் அப்ப இருக்கும். காணும் பொங்கல் அன்னிக்கு மட்டும் போயிடாதீங்க, படகுக்கே மணிக்கணக்கா நிக்கணும்.